அம்மைத் தழும்பு என்று சொல்லமாட்டேன்

மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார், எந்த ஊர், அவருக்கு மீசை இருக்குமா இருக்காதா என்று எனக்கே தெரியாது. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. கல்யாண நினைப்பும் இல்லை. இருந்தாலும் உன்னைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் ஓரளவு நிச்சயமாகத் தெரியும். உனக்குப் பதின்மூன்று பதினான்கு வயதாகும்போது முகத்தில் பரு வரும். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா சொன்னார். என் அம்மாவுக்கு இருந்தது. எனக்கு இருக்கிறது. வரிசையில் அடுத்தது நீ. நீ மகனாகப் பிறந்தாலும் இதையே படித்துக்கொள். பரு ஆண் பெண் பார்ப்பதில்லை.

பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் பெற்றவர்கள் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுவார்கள். நீயும் வளர்ந்த பிறகுதான் இதைப் படிக்கப்போகிறாய். ஆனால் எழுதுவதற்கு அதுவரை நான் காத்திருக்க மாட்டேன். நாற்பது வயதில் எழுதினால் நடந்ததையெல்லாம் அழகாக்கித்தான் எழுதுவேன். என் அம்மா தன் கதையை அப்படித்தான் மாற்றி வைத்திருந்தாள். முகம் எரிகிறபோதே எழுதிவிட்டால் பொய் சொல்ல இடம் இருக்காது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மூன்று பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. பதினோராம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டவள். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் இதை நான் மறைத்து வைத்து எழுதவில்லை. உனக்கு முன்னால் வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

எனக்குப் பதினான்கு வயதில் நெற்றியில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் நெற்றியை விட்டுக் கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கியது. வகுப்பில் என் பெயர் ரவா தோசை. கூப்பிட்டவர்கள் யாருக்கும் என்மேல் கோபம் இல்லை, சும்மா அப்படி ஒரு பெயர் கிடைத்தது, வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் என்னைப் படுத்தினார்கள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத பெண்கள்கூட என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டித் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன், தோல் உரிந்தது. பல் விளக்குகிற பேஸ்ட்டை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், கொப்புளித்துக் கருத்துப்போனது. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள், அப்போது நான் ஒன்பதாவது. யார் சொன்னதையும் நான் மறுத்ததில்லை. மறுக்க எனக்கு வாய் கிடையாது. கடைசியில் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸின் முனையால் ஒவ்வொன்றாகக் குத்தி அழுத்தினேன். என் இடது கன்னத்தில் இருக்கிற ஆழமான குழியை நீ பார்த்திருப்பாய். அது பருவால் வந்தது இல்லை, என் கையால் வந்தது. உனக்கு நான் சொல்கிற முதல் சங்கதி இதுதான். பரு போய்விடும், குத்தினால் குழி நின்றுவிடும்.

பள்ளியை ஏன் விட்டேன் என்று யார் கேட்டாலும் கணக்கு வரவில்லை என்பேன். என் அப்பா, அதாவது உன் தாத்தா, இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறார். அது பொய். கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது. பதினோராம் வகுப்பில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். வரிசையாக ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தார். என் முறை வந்ததும் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "கவலப்படாத பாப்பா, கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாத்தையும் தொடச்சிடறேன்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வரிசை மொத்தமும் சிரித்தது. பத்து நாளில் அட்டை வந்தது. அதில் என் சட்டை, என் ரிப்பன், மாவு பிசைந்து வழித்துவிட்ட மாதிரி ஒரு முகம். பக்கத்து பெஞ்சுப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, இதுல கீறது உங்க அக்காவா?" என்று கேட்டான். எனக்கு அக்கா இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் ஒன்றரை வருஷம் நடக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அடுத்த வாரத்தில் இருந்து போகவில்லை. ஒரு போட்டோவுக்காகப் படிப்பை விட்டவள் உன் அம்மா. இதற்காக யாரையும் நான் குற்றம் சொல்லப்போவது இல்லை, ஆனால் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது, அதில் பாதி என்மேல்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வீட்டின் உள்ளறையில் கிடந்தேன். தண்ணீர்க் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போவதற்குக்கூட துப்பட்டாவை மூக்குவரை சுற்றிக்கொண்டு போனேன். பதினெட்டு முடிந்ததும் உன் தாத்தா என்னை மாமல்லபுரத்துக்கு அந்தண்டை ஈசிஆரில் இருக்கிற ஒரு ஓட்டலில் லாண்டரி வேலைக்குச் சேர்த்துவிட்டார். அவர் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றிவருகிற டெம்போ ஓட்டுகிறவர், அந்த வழியில் அவருக்குத் தெரியாத வாட்ச்மேன் கிடையாது. லாண்டரி என்றதும் சந்தோஷப்பட்டேன். கட்டடத்தின் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. பெரிய மிஷின்கள், ஆவி, சோப்பு வாசனை. என்னோடு செல்வி அக்கா மட்டும். பன்னிரண்டு வருஷமாக அங்கே வேலை செய்கிறவர், நான் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அவர் நானூறு பேசுவார்.

அங்கேதான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. ஓட்டலில் தலையணை உறையை ஆள் மாறுகிறபோதெல்லாம் மாற்றுவார்கள், தங்குகிறவர் கேட்டால் தினமும் மாற்றுவார்கள். அத்தனையும் எங்களிடம்தான் வரும். துவைக்கும் முன்னால் கறையைப் பார்த்துத் தனியாகப் பிரிக்க வேண்டும். பிரித்துப் பிரித்து எனக்குக் கண் பழகிவிட்டது. மஞ்சளாகப் பரவியிருந்தால் தலை எண்ணெய். சந்தன நிறத்தில் தீற்றியிருந்தால் முகப்பூச்சு. பொட்டுப் பொட்டாகச் சின்னச் சிவப்பு இருந்தால் தூக்கத்தில் உடைந்த பரு. அந்தச் சிவப்புப் பொட்டு இல்லாமல் ஒரு நாளும் மூட்டை வந்ததில்லை. செல்வி அக்கா ஒருமுறை உறையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கார்லேர்ந்து எறங்கசொல்ல இன்னா பந்தாவா எறங்குறாங்க. உறைய பாத்தா தான் தெரியுது, அதுங்க மூஞ்சியும் நம்ம மூஞ்சி தான்." நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் தலையணையைப் பார்த்தேன். உறை எப்போது துவைத்தது என்று எனக்கு நினைவே இல்லை. நடுவில் தேங்காயெண்ணெய் ஊறி ஊறிப் பாயைப் போல விறைத்திருந்தது. ஊரார் உறையைத் தினமும் துவைக்கிறவள், அந்த விறைத்த உறையில்தான் தினமும் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் அம்மா அந்த டப்பாவோடு வந்தாள்.

சின்ன வட்ட டப்பா. மேலே பெயர் இல்லை, ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. செங்கல்பட்டில் ஒரு பார்லரில் கொடுத்தார்களாம். "கல்யாணப் பொண்ணுங்களுக்கு மட்டுந்தான் குடுப்பாங்களாம். நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினு வந்தேன்" என்றாள். ராத்திரி பூசிக்கொண்டு காலையில் கழுவ வேண்டும். ஐந்தாவது நாள் சிவப்பு அடங்கியது. பத்தாவது நாள் முகம் கண்ணாடித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துப்பட்டாவை இறக்கிவிட்டேன். மூன்றாவது வாரம் ஓட்டல் மேனேஜர் லாண்டரிக்கு வந்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எல்லோரையும் வாங்க போங்க என்பார். என்னைப் பார்த்துவிட்டு, முகம் தெளிந்துவிட்டது போல, நாளையில் இருந்து காலைச் சாப்பாட்டு ஹாலுக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அந்த நான்கு மாதத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். ஹாலில் கடல் தெரிகிற ஜன்னல்கள். காலை ஆறரை மணிக்கு நான் டீ பிளாஸ்க்குகளை நிரப்பி, பொங்கல் பாத்திரத்தின் மூடியைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்பேன். முதல் வாரம் யாராவது ஏதாவது கேட்டால் சமையல்காரரைப் பார்ப்பேன். ஒருநாள் வெளிநாட்டுத் தம்பதி, இரண்டு பேருக்கும் தலை முழுக்க வெள்ளை, வடையைக் கையில் எடுத்து அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே வேகாமல் போய்விடும் என்று கையையும் சேர்த்து விளக்கினேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாயைக் கையால் மூடாமல் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் பேச்சு வந்துவிட்டது. ஊத்தப்பம் என்றால் என்ன, சாம்பாரில் என்ன இருக்கிறது, கடலில் குளிக்கலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கூச்சம் போகவில்லை, ஆனால் கூச்சத்தோடேயே பேச முடிந்தது. அந்த ஹாலை நான் அவ்வளவு நேசித்தேன். அதனால்தான் பின்னால் அவ்வளவு பயந்தேன்.

நாலாவது மாதம் முகத்தில் வெயில் பட்டாலே எரிந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தது. டப்பா தீர்ந்து, அம்மா அடுத்ததை வாங்கி வருவதற்குள் இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி பருக்கள் கிளம்பின. மறுபடி பூசினால் அடங்கின. இப்படியே ஆயுசு முழுக்கப் பூச வேண்டுமோ என்று தோன்றியபோதுதான் அம்மாவை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தேதி இல்லை, இதை எப்படி முகத்தில் போட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கும், அதுதான் தோலை இப்படித் தேய்த்திருக்கிறது என்றார். நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதலில் சில வாரம் இப்போது இருப்பதைவிட மோசமாக வரும், பயந்துபோய்த் திரும்ப எடுத்துப் பூசக்கூடாது. ஒரு களிம்பு எழுதித் தருகிறேன், நடுவில் வந்து காட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, "உங்களுக்கு இந்த வயசுல பரு இருந்துதாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா உடனே சொன்னாள்: "இல்லீங்க மேடம். எனக்கு அம்மை தான் போட்டிச்சி."

நான் அம்மாவின் கன்னத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற கன்னம். பவுடருக்கு அடியில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குழிகள். அம்மைத் தழும்பு என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மையானால் நெற்றியில், கழுத்தில், கையில் எங்காவது ஒன்றாவது இருக்க வேண்டாமா? கன்னத்திலும் தாடையிலும் மட்டும், என் பரு எங்கே வருகிறதோ அச்சாக அதே இடத்தில். டாக்டரம்மாவும் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்துக் களிம்பை எழுதினார்.

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் வரும்போது, அது நிஜமாகவே அம்மைதானா என்று கேட்டேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பருக் குழின்னா இளிப்பாங்க. அம்மைன்னா கும்புடுவாங்க." அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டார் அப்படிச் சொல்லிவிட்டார்களாம். ஆத்தா வந்து தங்கிப்போன முகம் என்றதும் மாப்பிள்ளை வீட்டார் மறுபேச்சுப் பேசவில்லையாம். உன் தாத்தா அந்த வருஷத்தில் இருந்து ஒவ்வொரு ஆடி மாதமும் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார், பெண்டாட்டியைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக. வராத அம்மைக்கு இருபது வருஷமாகக் கூழ். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பதினைந்து வயதில் நான் கண்ணாடி முன்னால் காம்பஸோடு நின்றபோது, "எனக்கும் இப்டி தான் இருந்துது, குத்தாத" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் என் கன்னத்தில் குழி விழுந்திருக்காது.

அதைச் சொல்லிக் கத்த வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் எப்படிக் கத்துவது? மெதுவாகத்தான் சொன்னேன். அம்மா அழவில்லை. அவளுக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "நீ அத வுட்டா ஹாலு பூடும். ஹாலு பூட்டா மறுபடியும் உள்ரூம்புல போயி குந்திக்குவ. இன்னொரு தடவ உன்ன வெளிய இஸ்துகினு வர என்னால முடியாதுடி. போட்டுக்கோ, கொஞ்ச நாளு." அவள் மாப்பிள்ளைக்காகப் பயப்படவில்லை மகளே. நான் இருட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று பயந்தாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

நிறுத்தினேன். நாலாவது நாளே பரு வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது போலவே, அதைவிட அதிகமாகவே வந்தது. மேனேஜர் முதலில் மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூச்சும் வேர்வையும் சேர்ந்து அதை இன்னும் கிளறிவிட்டன. மூன்றாம் நாள் தனியாகக் கூப்பிட்டு, சாப்பிடுகிற இடம், வருகிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், சரியானதும் சொல்லுங்கள் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு லாண்டரிக்குப் போனேன். அன்று சாயங்காலம் வீட்டில் டப்பாவை எடுத்துத் திறந்து விரலை உள்ளே விட்டுவிட்டேன். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் இத வுடறேன். நீ அம்மைன்னு சொல்றத வுடு."

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் உன் தாத்தாவுக்குச் சோறு போடும்போது, குழம்பு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "அப்போ இத்தினி வருஷமா நான் கூழு ஊத்தினது எதுக்கு?" என்றார். அம்மா இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அவரே, "சரி வுடு, ஊரு குடிச்சிச்சி இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி பிசைய ஆரம்பித்தார். இந்த ஆடிக்கும் ஊற்றினார். அம்மா பவுடர் போடாமல் நின்று மொண்டு ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "சின்ன வயசுல பரு. கெடக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் எல்லாவற்றுக்கும் மன்னித்தேன்.

லாண்டரியில் இருந்த அந்த ஒன்பது வாரத்தில் என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன். எல்லாம் சின்னச் சின்ன விஷயம். கிழிந்தது என்று ஓட்டலில் கழித்துப்போடுகிற தலையணை உறைகளில் நான்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், தைத்து, இரண்டு நாளைக்கு ஒன்றாக மாற்றினேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுப்பதை விட்டேன், குளிக்கப் போகும் முன்னால் வைத்து அலசிவிடுவேன், நெற்றியில் விழுகிற முடியை மேலே தூக்கிக் கட்டினேன். முகத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தேய்த்துக் கழுவினால் அழுக்கு போகும் என்று நினைத்திருந்தேன். அது தோலைக் கோபப்படுத்துவதுதானாம். காலையில் ஒன்று, மிஷின் ஆவியில் வேர்த்துவிட்டு வேலை முடிந்ததும் ஒன்று, மிதமான சோப்பு, தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, அவ்வளவுதான். ஹாலில் இருந்தபோது மிச்சமாகிற கேக்கும் பாட்டில் ஜூஸும்தான் எனக்குக் காலைச் சாப்பாடு, அதன்மேல் ஆறு டம்ளர் சர்க்கரை டீ. அதைக் குறைத்துப் பார், சிலருக்குக் கேட்கும் சிலருக்குக் கேட்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குறைத்தேன். போனைத் தூர வைத்துவிட்டு நேரத்துக்குத் தூங்கினேன். இதில் கஷ்டமே கையைக் கட்டுவதுதான். சும்மா இருந்தால் விரல் தானாகக் கன்னத்துக்குப் போய்த் தடவித் தடவி ஒன்றைத் தேடும். அதற்கு செல்வி அக்கா ஒரு வழி வைத்திருந்தார். என் கை முகத்துக்குப் போகிறபோதெல்லாம் மிஷின் சத்தத்துக்கு மேல், "ஏய், அங்க இன்னா பொதையலா கீது?" என்பார். வெட்கப்பட்டுக் கையை இறக்குவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை இறக்கியிருப்பேன்.

ஐந்து வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் புதிதாக வருவது குறைந்தது. எட்டில் எரிச்சல் நின்றது. இதில் எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உறையா, சர்க்கரையா, டாக்டரம்மா கொடுத்த களிம்பா, சும்மா விட்டதா, தானாகவே தணிகிற காலம்தானா, பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. தெரிந்ததாகச் சொல்கிறவர்களை நம்பாதே. ஷேர் ஆட்டோவில் தாடையைப் பிடித்துத் திருப்புகிறவர்களின் கையைத் தட்டிவிடு. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் உனக்கு அடங்காமல் போகலாம். அப்போது டாக்டரிடம் போ. உன் முகம் அடங்கவில்லை என்பதற்காக நீ ஏதோ தப்பாக வாழ்கிறாய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அழுக்காக இருக்கிறவர்களுக்குத்தான் வரும், கண்டதை நினைக்கிறவர்களுக்குத்தான் வரும் என்று எனக்குச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். நீ குனியாதே.

ஒன்பதாவது வாரம் ஒரு தொடர் விடுமுறை வந்தது. அறைகள் நிரம்பிவிட்டன, ஹாலில் இரண்டு பேர் வரவில்லை. மேனேஜர் கையில் டூட்டி அட்டையோடு லாண்டரிக்கு வந்தார். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஏழெட்டு இருந்தது, பழையதன் கருமை எல்லா இடத்திலும் இருந்தது. "இப்ப பரவால்லைங்களே. நாளைக்கு ஹாலுக்கு வந்துருங்க" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் ஒன்பது வாரம் காத்திருந்தேன். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் என்னைக் கூப்பிடவில்லை, என் கன்னத்தைக் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. "சார், மறுபடியும் வரும்" என்றேன்.

என்னதுங்க வரும் என்று கேட்டார்.

"பரு. மாசா மாசம் ரெண்டு மூணு வரும். சில மாசம் நெறைய வரும். அப்ப திரும்ப இங்க அனுப்புவீங்கன்னா, நான் இங்கயே இருக்கறேன் சார்."

செல்வி அக்கா மிஷினை நிறுத்திவிட்டார். மேனேஜர், அப்படி இல்லைங்கம்மா, சாப்பிட வருகிறவர்கள் என்று ஏதோ ஆரம்பித்தார். நான் அவர் முடிக்கும் முன்னால் பேசினேன். யாரையாவது நடுவில் நிறுத்திப் பேசியதும் எனக்கு அதுதான் முதல் தடவை. "அவங்க தலவாணி உறையெல்லாம் நாங்க தான் சார் தொவைக்கறோம். அவங்களுக்கும் வருது. அவங்கள யாரும் ரூமுக்குள்ளயே இருங்கன்னு சொல்றது இல்ல." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் அட்டையைச் சுவரில் வைத்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து ஹால் பத்தியில் என் பெயரை எழுதினார். அந்த அட்டையின் வழக்கம் லாண்டரியில் எல்லோருக்கும் தெரியும். அந்தந்த வாரத்துக்கு மாற்றிப் போடுகிறவர்கள் பெயரைப் பென்சிலில் எழுதுவார்கள், சனிக்கிழமை ரப்பர் வைத்து அழித்துவிடுவார்கள். அந்த இடத்துக்கே உரியவர்கள் பெயர் பேனாவில் இருக்கும். போன தடவை நான்கு மாதமும் என் பெயர் பென்சிலில்தான் இருந்தது. அப்போது அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், அவ்வளவு தெரியாதவளாக இருந்தேன்.

"பேனாவுல எழுதுங்க சார்" என்றேன்.

செல்வி அக்கா இருமினார், அல்லது சிரிப்பை அடக்கினார். மேனேஜர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. செல்வி அக்கா கறைத்துணி கணக்கு நோட்டில் கட்டி வைத்திருந்த பேனாவைக் கயிற்றோடு அறுத்துக் கொடுத்தார். மேனேஜர் பென்சில் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதிவிட்டு, ஆறரைக்கு லேட் பண்ணக்கூடாதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். போனதும் செல்வி அக்கா சொன்னார்: "வாய்ல கொழுக்கட்ட வெச்சினு இருந்தவ எப்டி பேசறா பாரேன். இனிமே இங்க எனக்குப் பேச்சுத் தொணைக்கு யாருடி கீறா?"

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நாளைக்கே வேறு மேனேஜர் வந்தால் அட்டை மாறலாம். மாறினால் மறுபடி கேட்பேன். ஒரு தடவை கேட்டுவிட்டால் இரண்டாவது தடவை குரல் அவ்வளவு நடுங்காது என்று நினைக்கிறேன். பாதியில் விட்ட பதினோராம் வகுப்பையும் தனியாக எழுதலாம் என்று ஹாலுக்கு வருகிற டீச்சர் ஒருவர் சொன்னார். அதற்கும் ஒரு அடையாள அட்டை வேண்டுமாம். படம் எடுத்தாயிற்று. போட்டோக் கடைக்காரரிடம் முகத்தில் எதையும் துடைக்கக்கூடாது என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தேன்.

இன்று காலை மூக்கின் நுனியில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நல்ல சிவப்பாக, பெரிதாக, எதிரில் வருகிற யாரும் தவறவிட முடியாத இடத்தில். குத்தமாட்டேன். மூடவும் மாட்டேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஹால் நிரம்பி வழியும். ஆறரைக்கு முகத்தைக் கழுவி ஒற்றிக்கொண்டு, வேறெதுவும் பூசாமல், முதல் மேஜைக்கு நான்தான் காப்பி கொண்டுபோகப் போகிறேன்.

இப்படிக்கு,
உனக்கு அம்மா ஆகப்போகிறவள்